தறிக்குப் போட்ட செருப்பு

உங்கள் வீட்டு மிக்ஸியை ஒரு நாள் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மூன்றோ நான்கோ ரப்பர்க் குமிழ்கள் இருக்கும். அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அவற்றில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால்தான் அதன் பெருமை தெரியும். சட்னி அரைக்கப் போட்ட மிக்ஸி, மேடையின் மேல் மெல்ல மெல்ல நடந்து ஓரத்துக்கு வந்து, "குதிக்கட்டுமா?" என்று கேட்கிற மாதிரி நிற்கும். அப்போது வீட்டு அம்மாள் என்ன செய்கிறாள்? கடைக்கு ஓடுவதில்லை. அறுந்துபோன ஹவாய்ச் செருப்பில் காலணா அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, பசை தடவி ஒட்டிவிடுகிறாள். மிக்ஸி சாதுவாகிவிடுகிறது.

இந்த வட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்டு. அது அமேஸான் காட்டில் ஆரம்பித்து, லண்டன், கொழும்பு, மலாயா என்றெல்லாம் சுற்றிவிட்டு, நம்முடைய விசைத்தறி ஊர்களில் தறியின் காலடியில் வந்து முடிகிறது. அந்த ஊர்களில் ஒன்றான சங்கரன்கோவிலை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சங்கரன்கோவிலை அறியாதவர்கள் தெற்கே கிடையாது. அரியும் சிவனும் ஒரே திருமேனியாக நிற்கும் சங்கரநாராயணர் கோயில். கட்டியவர் உக்கிரம பாண்டியர் என்பது ஐதிகம். அந்த ஒன்றான திருக்கோலத்தைக் காணவேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் அல்லவா? அதுதான் ஆடித் தபசு. ஒற்றைக் காலில் அசையாமல் நிற்க அம்பிகையால் முடிந்தது. அதே ஊரில் நான்கு கால் இருந்தும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க முடியாத ஜீவன் ஒன்று உண்டு. அதுதான் விசைத்தறி.

விசைத்தறிக்கு முந்தி இருந்தது குழித்தறி. தரையிலே குழி வெட்டி, விளிம்பில் நெசவாளி உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். தறியின் கம்பங்கள் மண்ணிலேயே ஊன்றியிருக்கும். குழியின் ஈரத்தில் பாவு நூல் அறுந்து போகாமல் பதமாக இருக்கும் என்பது அதன் பிரதான காரணம். எனக்கு அதில் இன்னொரு சௌகரியமும் தெரிகிறது. குழித்தறிக்குப் பூமிதான் கால். அதை ஆட்டுவதற்கு மனிதனின் கைக்கும் காலுக்கும் பலம் போதாது. தெரு முழுவதும் தறி ஓடினாலும் "சடக், சடக்" என்று ஒரு தாளம் கேட்குமே தவிர, சுவர் நடுங்காது.

நடுக்கத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார். எட்மண்ட் கார்ட்ரைட் என்பது அவர் பெயர். 1785ல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அவர் நெசவே பார்த்ததில்லையாம்! முதல் தறியைப் பற்றி அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அதன் அச்சு அரை ஹண்டர்வெயிட் கனத்தோடு வந்து விழுந்ததாம். பலசாலிகளான இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்தாலும், மெதுவாகக் கொஞ்ச நேரந்தான் ஓட்ட முடிந்ததாம். அரை ஹண்டர்வெயிட் என்றால் ஐம்பத்தாறு ராத்தல்! வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் தறி ஆடுவதன் ரகசியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கனமான ஒரு பொருளை முன்னுக்குத் தள்ளி, சட்டென்று நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் தள்ளினால், அதைத் தாங்கி நிற்கும் சட்டம் எதிர்ப்பக்கமாக உந்தப்படும். பிற்காலத்தில் தறி வார்ப்பிரும்பாயிற்று. சுலபமாக ஓடிற்று, வேகமாகவும் ஓடிற்று. நிமிஷத்துக்கு நூறு, நூற்றைம்பது தடவை அச்சு முன்னும் பின்னும் போய்வருகிறது. ஊடை நூலைச் சுமந்த நாடாவை ஒரு மரக்கோல் ஓங்கி அடிக்கிறது. அந்தக் கோடியில் அது போய் மோதி நிற்கிறது. உடனே அங்கிருந்து ஓர் அடி. உடம்பெல்லாம் அடிபட்டுக்கொண்டே ஓடுகிற யந்திரம் இது. ஆடாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் லங்காஷயர்க்காரர்கள் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். நூல் நூற்கும் ஆலைகள் ஐந்து மாடி, ஆறு மாடி என்று உயர்ந்தன. நெசவுக் கொட்டகைகளோ பெரும்பாலும் ஒரே தளமாகத் தரையோடு தரையாகப் பரந்தன. நூற்றுக்கணக்கான தறிகள் மாடியில் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பித்தால் கட்டடத்தின் கதி என்ன? 1831ல் மான்செஸ்டருக்கு அருகில் பிராட்டன் தொங்குபாலத்தின் மேல் சிப்பாய்கள் தாளம் தவறாமல் நடை போட்டார்கள்; பாலம் அறுந்து விழுந்தது. அதற்குப் பின் பாலத்தைக் கடக்கும்போது சிப்பாய்கள் நடையைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது. தறிகளுக்கு அப்படி உத்தரவு போட முடியாது. ஆகவே தரையில் வைத்தார்கள்.

அது முதலாளியின் கொட்டகை. ஊருக்கு ஒதுக்கமாக எத்தனை ஏக்கரிலும் கட்டலாம். நம் ஊர் நெசவாளிக்குக் கொட்டகை ஏது? வீடுதான் கொட்டகை. திருநெல்வேலிச் சீமைக்குப் பாபநாசத்தின் நீர்மின்சாரம் 1944ல் வந்தது. மின்சாரம் கிராமம் கிராமமாகப் பரவப் பரவ, குழித்தறி இருந்த அதே கூடத்தில் குழியை மூடிவிட்டு இரும்புத் தறியை இறக்கினார்கள். முன்கட்டில் இரண்டு தறி. பின்கட்டில் அடுப்பும் தொட்டிலும். அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றே. இங்கே தறி ஓடினால் அங்கே பரணில் வெண்கலப் பானைகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். சுவரில் காரை உதிரும். போதாக்குறைக்கு, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே போகப் போகக் கரிசல் பூமி. மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அந்த மண்ணின் மேல் போட்ட தளம் மட்டம் பிசகினால், தறியின் நான்கு காலில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். நின்று, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தரையைக் குத்தும்.

இந்த இடத்தில்தான் டயர் வந்து சேருகிறது. அது எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

ரப்பர் மரத்தின் பால் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் கல்லாகிவிடும் வரையில் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடு காட்டினால் இரண்டு குணமும் போய்விடும் என்று 1839ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். கடனுக்காகப் பல தடவை சிறை சென்றவர். 1860ல் இறந்தபோதும் கடன்காரராகவே இறந்தார். அவர் பெயரில் இன்று ஓடும் டயர்க் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் இறந்து முப்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு யாரோ மரியாதைக்கு வைத்த பெயர் அது. பெயர் மட்டும் சம்பாதிக்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்.

1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேஸிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகக் கொஞ்சம். அவற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாற்றுகள் அதே வருஷம் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மறு வருஷம் இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பிற்பாடு மலாயா முழுவதும் ரப்பர்க் காடாகியபோது, அங்கே விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள். இந்த அத்தியாயத்தை ஒரு பாராவில் சொல்லி முடிப்பது அநியாயம். ஒரு பெரிய நாவலுக்கு உரிய விஷயம். இங்கே ஒன்று மட்டும் சொல்லுகிறேன். 1956 நவம்பர் முதல் தேதி கன்யாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, அதனுடன் ரப்பர்த் தோட்டங்களும் நமக்கு வந்தன. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தொழிலாளர் குடும்பங்கள் பல, கன்யாகுமரியின் அரசாங்க ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. கடலுக்கு அப்பால் மலைத் தோட்டங்களில் உழைத்த கை, கடலுக்கு இப்பால் வந்து பால் வெட்டியது.

பால் ஷீட்டாகி, ஷீட் டயராகி, டயர் லாரியில் ஏறி லட்சக்கணக்கான மைல் ஓடித் தேய்ந்தது. 1942ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டபோது உலகத்தின் ரப்பரில் பெரும் பங்கு போய்விட்டது. டயருக்குப் பஞ்சம். தேய்ந்த டயருக்கு மேல்பட்டை ஒட்டி மறுபடி ஓட்டும் தொழில் அந்த நாளில் வெகுவாகப் பெருகியது. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனங்கள் அதில் இறங்கின. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரி வாயுவில் பஸ் ஓட்டும் சாதனத்தையும் அவர்களே செய்து விற்றார்கள். ஒட்டி ஒட்டி ஓடி, இனி ஒட்ட இடமே இல்லை என்று ஆன டயரையும் நம்மவர்கள் எறிந்துவிடவில்லை. அது செருப்பாயிற்று. கிணற்றுக்கு வாளியாயிற்று. கடைசியில் தறிக்கும் செருப்பாயிற்று.

இதே சமயத்தில் சீமையிலும் யந்திரத்துக்கு ரப்பர்க் கால் வைக்கும் வித்தை வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன் அங்கே கம்பளிப் பட்டையும் தக்கையும் வைத்துப் பார்த்தார்கள். 1931ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி, பிளிமத் காரின் எஞ்சினை ரப்பர்த் துண்டுகளின் மேல் உட்கார வைத்து, "மிதக்கும் சக்தி" என்று பெயர் சூட்டி விற்றது. பிரான்ஸில் சித்ரோயன் கம்பெனி அந்த உரிமையை விலைக்கு வாங்கி, 1932ல் தன் கார்களில் புகுத்தியது. அந்தக் கார்களின் முகப்பில் ஒரு அன்னப் பறவை நீந்திக்கொண்டிருக்கும்! எஞ்சின் அன்னம்போல் மிதக்கிறதாம். அன்ன நடையைப் பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, எஞ்சினுக்கும் சொல்லலாம் என்று பிரெஞ்சுக்காரன் காட்டிக்கொடுத்தான்.

இனி, டயரை எப்படித் தறிக்கு மாட்டுவது? சாதாரணமாகத் தோன்றும்; அவ்வளவு சாதாரணம் அல்ல. லாரி டயரின் மேல்பட்டையிலிருந்து, தறியின் காலைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரே கனமுள்ள நான்கு துண்டுகள் வெட்ட வேண்டும். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால்தான் ரப்பர் இடம் கொடுக்கும்; உலர்ந்த கத்தியைப் பிடித்து நிறுத்திவிடும். உள்ளே நூல் ஓடுகிறதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து டயரில் அது பருத்தி நூல்; பிறகு ரேயான், அதன் பிறகு நைலான். நூல் நெய்கிற யந்திரத்தின் காலடியில் மறுபடியும் நூல்! பிறகு ரசமட்டம் வைத்துத் தரை பார்த்து, நான்கு துண்டிலும் பாரம் சமமாக ஏறும்படி தகடு கொடுத்துத் தறியை இறக்க வேண்டும். எண்ணெய் சொட்டுகிற இடமானால் துண்டின் மேல் ஒரு தகரம் மூடாக வேண்டும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஜன்ம சத்துரு. ஊறி, உப்பி, களியாகிவிடும்.

இதில் இரண்டு இடங்களில் கெட்டிக்காரர்களே ஏமாந்து போவார்கள். ரப்பர் நழுவாமல் இருக்கட்டும் என்று, அளவாக ஒரு இரும்புக் கிண்ணம் அடித்து அதற்குள் துண்டை இறுக்கி வைப்பார்கள். நடுக்கம் பழையபடியே இருக்கும். ஏனென்றால் ரப்பர் அமுங்குகிற பொருள் அல்ல, பிதுங்குகிற பொருள். கைக்குள் பிசைந்த மாவைப்போல, மேலே அழுத்தினால் பக்கத்தில் பிதுங்க வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அது கல்தான். இன்னொன்று, தறியின் காலையும் ரப்பரையும் ஊடுருவித் தரைக்கு ஒரு போல்ட்டை இறக்கி, நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவது. அப்புறம் ரப்பர் எதற்கு? நடுக்கம் போல்ட் வழியாகச் சௌகரியமாக இறங்கிவிடும். வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. போல்ட் அவசியமானால் அதைச் சுற்றிலும் ரப்பர்க் குழாய் ஒன்றும், நட்டுக்கு அடியில் ரப்பர் வளையம் ஒன்றும் போடவேண்டும். இரும்பு எங்கேயும் இரும்பைத் தொடக்கூடாது.

சரி, இவ்வளவும் செய்தால் தறி நின்ற இடத்தில் நிற்குமா?

நடக்காமல் இருக்கும். ஆடாமல் இருக்காது. ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர்களுக்கு இதன் காரணம் தெரியும். ஊஞ்சலுக்கு அதன் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் விரலால் தொட்டாலே ஏறும். அதைவிட மிகவும் அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தால், அது உங்களை லட்சியம் செய்யாமல் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். ரப்பரின் மேல் உட்கார்ந்த யந்திரமும் ஓர் ஊஞ்சல். பாரத்தினால் ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் அந்த ஊஞ்சலின் தாளம் விநாடிக்குப் பதினொன்று என்று கணக்கு. தறியை ஓட்டும் மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று, அதாவது விநாடிக்கு இருபத்து நாலு. பதினொன்றைவிட வெகு அவசரம். ஆகையால் மோட்டாரின் அதிர்ச்சியில் சுமார் கால் பங்குதான் தரைக்குப் போகும். நாடா மோதுகிற கூரிய அடிகளும் இப்படியே ரப்பரில் மழுங்கிவிடும். பரணில் பானைகள் பேச்சை நிறுத்தும். ஆனால் தறியின் பெரிய ஆட்டம் இருக்கிறதே, அச்சு முன்னும் பின்னும் போகிற அந்த ஆட்டம், அது விநாடிக்கு இரண்டுதான். அதைத் தரைக்குப் போகாமல் தடுக்கவேண்டுமானால் ரப்பர் ஐந்து அங்குலம் அமுங்கியாக வேண்டும்! அப்படிப்பட்ட மெத்தையின் மேல் தறியை வைத்தால் நெய்வது எங்கே? ஓடக்காரன் மாதிரி அசைந்துகொண்டு இருக்கலாம். "இன்னும் கொஞ்சம் மெதுவான ரப்பர் போடு, ஆட்டம் நின்றுவிடும்" என்று யோசனை சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். அளவு மீறி இளகின ரப்பர், ஆட்டத்தை வளர்க்கத்தான் செய்யும்.

அமெரிக்காவில் வீட்டோடு சிறு பட்டறை வைத்திருப்பவர்கள், பனிக்கட்டித் தரையில் ஹாக்கி ஆடுகிறார்களே, அந்த ரப்பர் வட்டைக் கடைசல் யந்திரத்துக்குக் காலாக வைக்கிறார்கள். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், கெட்டி ரப்பர். கடையில் கை நீட்டினால் கிடைக்கும். நமக்குப் பனிக்கட்டிக்கு எங்கே போவது? லாரி டயர்தான். யோசனை என்னவோ ஒன்றே.

ரப்பரால் சுவர் பிழைத்தது. தொட்டில் குழந்தையின் தூக்கம்கூட ஓரளவு பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். தறியின் பக்கத்தில் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவரின் காது? அங்கே ரப்பரின் அதிகாரம் செல்லாது. அது தரை வழியாகப் போவதைத்தான் தடுக்கும். காற்று வழியாகப் போவதை என்ன செய்ய முடியும்? நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நாள் முழுவதும் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கூடத்துக்கு யார் வந்து அளக்கிறார்கள்?

லங்காஷயர் நெசவுப் பெண்கள் இதற்கென்றே ஒரு பாஷை வைத்திருந்தார்கள். "மீ-மா" என்று அதற்குப் பெயர். குரலே எழுப்பாமல், உதட்டையும் முகத்தையும் மிகைப்படுத்தி அசைத்து, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடும்ப விவகாரம் முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். சினிமா நட்சத்திரங்கள்கூட அவர்களிடம் முகபாவம் கற்றுக்கொண்டிருக்கலாம். நம் விசைத்தறி ஊர்களில் அப்படிப் பெயர் வைத்து ஒரு பாஷை ஏற்படவில்லை. ஆனால் தறிக்காரரை அவருடைய குரலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தறி நின்ற பிறகும், டீக்கடையிலும், கல்யாணப் பந்தியிலும் உரத்துத்தான் பேசுவார். கோபக்காரர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தம் குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சோ ரப்பர்த் தக்கையோ கிடைக்காமல் இல்லை. அதைப் போட்டுக்கொண்டால் நூல் அறுந்த சத்தம் கேட்காதே என்பது அவர்களுடைய பயம். தறியின் தாளத்தில் ஓர் இழை பிசகினாலும் காதுதான் முதலில் சொல்லுகிறதாம். காது கெடும் என்று தெரிந்தே அந்தக் காதை நம்பித்தான் பிழைப்பு நடக்கிறது.

இப்போது நாடாவே இல்லாத தறிகள் வந்து, பழைய தறிகள் சில இடங்களில் இரும்பு விலைக்குப் போகின்றன. புதிய தறிக்கு, அச்சில் வார்த்த ரப்பர்க் கால்களும் திருகி மட்டம் பார்க்கும் வசதியும் விலைக்குக் கிடைக்கின்றன. டயர் வெட்டுகிறவர்களுக்கும் தொல்லை வந்துவிட்டது. லாரிகள் ரேடியல் டயருக்கு மாறிவிட்டன. அதன் உள்ளே நூலுக்குப் பதில் எஃகுக் கம்பி. கத்தியின் வாய் நாலு இழுப்பில் மழுங்கிப் போகிறது. பழைய நைலான் டயர் கிடைத்தால் அதை ஒதுக்கி வைக்கிறார்கள். தறியைப் பெயர்த்து எடுத்த கூடங்களில் சில சமயம் அந்த நான்கு துண்டுகளும் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நெம்பி எடுத்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் தறியின் கால் அளவுக்கு ஒரு பள்ளம். பாரம் போய் எத்தனை நாள் ஆனாலும் அந்தப் பள்ளம் எழும்புவதில்லை.